ரோம்: டாக்சியில் போன காசு, குழாயில் கிடைத்த தண்ணீர்

டாக்சிக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் டாக்சிக்கு ஒரே கட்டணம்தான். நிர்ணயித்த தொகை, பெட்டிக்கெல்லாம் தனிக் காசு கிடையாது. எங்களை ஏற்றிய ஓட்டுநர் விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அதற்கு மேல் 25 யூரோ கேட்டார். முதலில் பெட்டிக்கு என்றார், பிறகு இரவு நேரம் என்றார். வண்டியில் ஒட்டியிருந்த கட்டணத்தைத் தம்பி விரலால் தொட்டுக் காட்டியும் பயனில்லை. காசு வாங்காமல் டிக்கியைத் திறக்கமாட்டேன் என்று நின்றார். நள்ளிரவு, தெரியாத ஊர். கொடுத்துத் தொலைத்தோம். நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,500 ரூபாய், எங்கள் இருவரின் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு! போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே தொகையைச் சொல்ல வையுங்கள், வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் ஓடும் நேரமென்றால் பேசாமல் ரயிலில் போங்கள்.

சரி, அந்த மதிலுக்கு வருகிறேன். கி.பி. 270களில் பேரரசர் ஆரேலியன், வெளியிலிருந்து வரும் படையெடுப்புக்குப் பயந்து ரோமைச் சுற்றிக் கட்டிய மதில் அது. நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர், இன்றும் பெரும்பகுதி நிற்கிறது. டாக்சிக் கட்டணத்துக்கு எல்லை அதுதான். 1,700 வருடத்துக்கு முன் போட்ட கோடு இன்றைக்கு என் பர்சில் கை வைக்கிறது என்றால் அந்த ஊரை என்னவென்று சொல்வது! ரோமில் பார்க்க வேண்டியது இடிபாடுகளை அல்ல, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் பழசை. இதுதான் என் கட்சி.

அதனால்தான் கொலோசியம் என்ற பழைய வட்ட அரங்கைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்தது. பிரம்மாண்டம், மறுக்கவில்லை. ஆனால் நெரிசல், வெயில், வாசலில் இரட்டிப்பு விலைக்கு டிக்கெட் விற்கும் தரகர்கள். மனிதர்களைக் கொன்று வேடிக்கை பார்த்த இடத்தில் சிரித்தபடி படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. வெளிவளைவுகளின் மேல் செதுக்கிய வாசல் எண்கள் இன்னும் தெரிகின்றன. வந்தவர்கள் தங்கள் எண்ணுக்குரிய வாசலில் நுழைந்து, தங்கள் படிக்கட்டில் ஏறி, தங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போனால் நாமும் அதையேதான் செய்கிறோம்.

தண்ணீருக்கு வருவோம். ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண் செலவு. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண் நிற்கிறது, நாசோனே என்கிறார்கள். 1874இல் வைக்கத் தொடங்கியவை, இன்று 2,000க்கும் மேல் இருக்கின்றன. நல்ல குளிர்ந்த குடிநீர், இலவசம். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வரும், குனிந்து வாய் வைக்கத் தேவையில்லை.

குழாய்கள் புதியவை, வழக்கம் மிகப் பழையது. பழைய ரோமுக்குப் பதினொரு கால்வாய்கள் வெளியூரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தன. பம்பு கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும் வாட்டம் மட்டும்தான். கி.பி. 97இல் இதற்கு அதிகாரியாக வந்த ஃப்ரான்டினஸ், குழாயில் திருட்டுத்தனமாகத் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பவர்களைப் பற்றிப் புலம்பி எழுதி வைத்திருக்கிறார். நம் தெருவில் மெயின் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்களைப் பற்றி மாநகராட்சிக்காரர் புலம்புவது போலவே இருக்கிறது! அந்தக் கால்வாய்களில் ஒன்று அக்வா விர்கோ, கி.மு. 19இல் பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கட்டியது. பெரும்பகுதி நிலத்தடியில் ஓடுவதால் தப்பிப் பிழைத்தது. பல முறை பழுது பார்த்திருக்கிறார்கள். ட்ரெவி நீரூற்றில் எல்லோரும் காசு போடுகிறார்களே, அங்கே கொட்டுவது அந்த வழியாக வரும் தண்ணீர்தான்.

அடுத்து பாந்தியன், பழைய ரோமானியக் கோவில். 5 யூரோ டிக்கெட், அந்த ஊரில் நான் செலவழித்த காசிலேயே இதுதான் நியாயமானது. தம்பி கட்டடப் பொறியாளர். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, இதுக்குள்ள ஒரு கம்பிகூட இல்ல, தெரியுமா?" என்றான். 43 மீட்டர் அகலக் குவிமாடம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43 மீட்டர். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் கட்டியது. கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை உலகிலேயே பெரியது இதுதான். சூட்சுமம் கலவையில் இருக்கிறது. அடியில் கனமான கல், மேலே போகப் போக லேசான கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல். சுவரின் கனமும் அடியில் 6 மீட்டர், உச்சியில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவில் திறந்த வட்டம், அதன் வழியே மழை உள்ளேயே பெய்யும். தரையை லேசாகச் சரித்து வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். ரோமானியக் கான்கிரீட்டில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். விரிசலில் தண்ணீர் இறங்கினால் அவை கரைந்து விரிசலை அடைத்துவிடும் என்று 2023இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பத்து வருடத்தில் கம்பி துருப்பிடித்துத் தூண் வெடிக்கும் கட்டடங்களைத் தினமும் பார்க்கும் தம்பி, அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றான்.

இங்கே செலவுப் பட்டியல் எழுத நினைத்திருந்தேன், ஆனால் ஆஸ்டியா ஆன்டிகாவைச் சொல்லாமல் என்னால் முடியாது. டைபர் நதி கடலில் கலந்த இடத்தில் இருந்த துறைமுக ஊர். மணல் மூடியதால் கடல் இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ரோமில் செஸ்டியஸ் பிரமிடு என்ற பழைய கல்லறைக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து நகரப் பேருந்துக்கான அதே 1.50 யூரோ டிக்கெட்டில் ரயில், அரை மணி நேரம். ரயிலில் ஏசி வேலை செய்யவில்லை, உட்காரவும் இடமில்லை, வெந்துபோனோம். இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

அரண்மனை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு ஊருக்குப் போகட்டும். இது சாதாரண ஜனங்கள் இருந்த ஊர். கீழே கடை, மேலே வாடகைக் குடியிருப்பு, தெருவிலிருந்து நேராக மேலேறும் படிக்கட்டு. ஒரு சாப்பாட்டுக் கடையில் பளிங்கு மேடை, அலசுவதற்குத் தொட்டி, சுவரில் அங்கே கிடைக்கும் பண்டங்களின் ஓவியம், பின்னால் உட்கார்ந்து சாப்பிட முற்றம். மாவரைத்த எரிமலைக்கல் இயந்திரங்கள், தீயணைப்புப் படை இருந்த கட்டடம், இடையில் தடுப்பே இல்லாமல் வரிசையாக உட்காரும் பொதுக் கழிப்பறை. நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சதுக்கம், சுற்றிலும் கப்பல் வியாபாரிகளின் சின்னச் சின்ன அலுவலகங்கள். ஒவ்வொன்றின் தரையிலும் கறுப்பு வெள்ளைக் கற்களில் விளம்பரம்: கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால், வட ஆப்பிரிக்கத் துறைமுகமான சப்ரத்தாவின் ஆட்களுக்கு யானை. கூட்டமும் இல்லை. அன்று முழுவதும் அங்கேயே சுற்றினோம்.

அன்று இரவுச் சாப்பாடு காச்சோ எ பெப்பே. நூடுல்ஸ் போன்ற பாஸ்தா, செம்மறிப் பால் சீஸ், கருமிளகு, இவ்வளவுதான். 12 யூரோ, ஒரு காசு கூட வீணில்லை. நாக்கில் மிளகு பட்டதும் முந்தின நாள் ஃபோரத்தில், அதாவது பழைய ரோமின் மையச் சதுக்கத்தில், பார்த்த இடம் நினைவுக்கு வந்தது. மாக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு புதைந்திருக்கிறது. அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து போனது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு (அந்தக் காலத்தில் கறி என்றால் மிளகு) முசிறியிலிருந்து திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அங்கே ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசை உறிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டு வருத்தப்பட்டார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ரோமானியக் காசுகள் அந்த வியாபாரத்தின் மிச்சம்தான். கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இன மன்னன் அலாரிக், விலகிப் போகத் தங்கம் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான்!

இன்னொரு மலிவான இடம்: சான் ஜோவான்னி மெட்ரோ நிலையம். ரயில் பாதைக்குத் தோண்டியபோது கிடைத்தவற்றை அங்கேயே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கீழே இறங்க இறங்க எந்த ஆழம் எந்தக் காலம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. 1.50 யூரோ டிக்கெட்டில் அருங்காட்சியகம், அப்படியே ரயிலும் ஏறிக்கொள்ளலாம்.

விசா, விடுதி விவரங்களை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் டிக்கெட் போடுகிறவர்கள், ஆஸ்டியாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். தொப்பியும் காலி பாட்டிலும் கட்டாயம்.