முன்பாய்

மார்ச் 5, புதன்

சாயங்கால ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசித்தார்கள். வருகிற ஞாயிறு முதல், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் முதல் பாட்டு முடிந்தவுடன் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலுக்குப் போய்விட வேண்டும். அங்கே அவர்களுக்குத் தனி ஆராதனை. நடத்துவது ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள். காரணம், பிரசங்க நேரத்தில் சத்தம். யூடியூப் நேரலையில் மைக் எல்லாவற்றையும் இழுக்கிறதாம். வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்கள் குறைப்படுகிறார்களாம்.

ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலத்தின் முதல் நாளே இப்படி.

மார்ச் 6, வியாழன்

அத்தைக்கு இருமல் விடவில்லை. திங்கட்கிழமை ஸ்கேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஹாலில் இன்று என் முறை. பாட்டு, கதை, வண்ணம் தீட்ட ஆட்டுக்குட்டி படம். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. கிரேயான் பெட்டி புதுசு, பிஸ்கட் வேறு.

நடுவில் கோயிலுக்குள் எல்லாரும் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. விசுவாசப் பிரமாணம். அத்தனை குரலும் சேர்ந்து வரும்போது அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. என் சின்னவன் கையில் பச்சைக் கிரேயானோடு எழுந்து நின்றான். யாரும் சொல்லவில்லை. கோயில் பக்கம் திரும்பி, அவர்களோடு சேர்ந்து 'வானத்தையும் பூமியையும் படைத்த' என்று ஆரம்பித்தான். 'பொந்தியு பிலாத்து' வரும் இடத்தில் எப்போதும் போல வேகமாகச் சொன்னான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் ஆட்டுக்குட்டிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வயது. அவனுக்கு யாரும் அதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. மூன்று வயதிலிருந்து அவன் ஆச்சி, அதாவது என் அத்தை, பக்கத்தில் நின்று நின்று அவன் வாயில் ஏறியது. ஹாலில் வளரப்போகிற அடுத்த பிள்ளைக்கு இது எங்கிருந்து ஏறும்?

மார்ச் 10, திங்கள்

ஸ்கேன் ஆனது. அத்தை ஆட்டோவில் பேசவே இல்லை.

மார்ச் 12, புதன்

தூக்கம் வரவில்லை. யாத்திராகமம் 12 வாசித்தேன். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்படும் இரவுக்கான பஸ்கா கட்டளை கொடுக்கும் இடம். ஆடு, இரத்தம், புளிப்பில்லாத அப்பம், எல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளைகள் 'இந்த ஆராதனையின் கருத்து என்ன' என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. பிள்ளை கேட்கும் என்று எதிர்பார்த்தே அந்த ஒழுங்கு அமைந்திருக்கிறது. கேட்க வேண்டுமானால் பிள்ளை அங்கே இருக்க வேண்டும். பந்தியில் இருந்து, கசப்பான கீரையை வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, அப்புறம்தான் கேள்வி வரும்.

உபாகமம் 31-லும் அப்படியே. நியாயப்பிரமாணத்தை வாசிக்கும்போது ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், வாசலில் இருக்கும் அந்நியர் எல்லாரையும் கூட்டு என்கிறார் மோசே. யோவேல் 2-ல் பால்குடிக்கிற குழந்தைகள் முதற்கொண்டு கூட்டச் சொல்கிறது. அதுவும் அழுது உபவாசிக்கும் நாளில்! அந்தக் கூட்டத்தில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

பயாப்சி எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

மார்ச் 15, சனி

கோயில் கமிட்டி அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார், அத்தையைப் பார்க்க. பேச்சு பிள்ளைகளை ஹாலுக்கு அனுப்புவதில்தான் போய் நின்றது. "கைக்குழந்தைக்காரி ஒருத்தி போன மாசம் பிரசங்கம் முழுக்க வாசல்லயே நின்னா. அவளும் கேக்கணும்லா?" என்றார். நியாயமான வார்த்தை. அந்தப் பெண்ணை நானும் பார்த்தேன். வாசலுக்கு அவளை அனுப்பியது குழந்தையின் அழுகை இல்லை, திரும்பிப் பார்த்த தலைகள். மாற்கு 10-ல் சீஷர்கள் அதட்டியது பிள்ளைகளை அல்ல, கொண்டுவந்தவர்களை. அதைச் சொன்னேன். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஓய்வுநாள் பள்ளி காலங்காலமா தனியாத்தானம்மா நடக்கு" என்றார் அப்புறம். இது பலரும் சொல்வது. இங்கிலாந்தில் க்ளாஸ்டர் நகரத்தில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் ஆரம்பித்தது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. காலையில் பாடம், மத்தியானம் மறுபடி பாடம், அதை முடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே உண்டு. பள்ளி ஒன்று, ஆராதனை ஒன்று. நம் ஊரிலும் ஓய்வுநாள் பள்ளி முடிந்துதான் முதல் மணி அடிப்பார்கள். பிள்ளைகள் நேரே வந்து பீடத்துக்கு முன்னால் விரித்த பாயில் உட்காருவார்கள்.

அந்தப் பாயை இப்போது சுருட்டி மணிக்கூண்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

ஹாலுக்கு இன்று வேறு ஆசிரியை. சின்னவனை என்னோடு கோயிலுக்குள் வைத்துக்கொண்டேன். பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூன்றாம் ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை ஆராதனை. சமாதானம் சொல்லும் இடம் வந்தது. 1947-ல் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபின், 1950-ல் வந்த ஆராதனை முறை இது. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, மேலே இருவரும் இடது கையால் மூட வேண்டும். எங்கள் போதகர் ஐயர் பீடத்திலிருந்து கொடுப்பது வரிசை வரிசையாகக் கை மாறிப் பின்னால் வரும். உலகம் முழுக்க மற்றச் சபைகள் நம்மைப் பார்த்து எடுத்துக்கொண்ட பழக்கங்களில் ஒன்று என்று அத்தை பெருமையாகச் சொல்வார்கள்.

இன்று அது சின்னவன் தலைக்கு மேலேயே போய்விட்டது. முன்வரிசை அக்கா திரும்பி, அவனைத் தாண்டி, எனக்குக் கொடுத்தார்கள். அவன் இரண்டு கையையும் சேர்த்துவைத்துக்கொண்டு நின்றான். நான் அவனுக்குக் கொடுத்தேன். "ஆச்சி இருந்தா எனக்குத்தான் முதல்ல" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. அந்த அக்கா மறுபடி திரும்பிக் குனிந்து அவன் கையைப் பிடித்து முழு வாக்கியத்தையும் சொன்னார்கள். அவனும் முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னான்.

மார்ச் 18, செவ்வாய்

பயாப்சி முடிவு வரவில்லை.

மார்ச் 22, சனி

ஐயர் வீட்டுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கேட்டார், குறுக்கே பேசாமல்.

நான் கேட்டது பாலர் ஞாயிறு மாதிரி இன்னொரு நாள் அல்ல. அன்றைக்குத் தேவதூதன் உடுப்பு, நடனம், எல்லார் கையிலும் போன். பிள்ளைகள் செய்கிறார்கள், பெரியவர்கள் பார்க்கிறார்கள். கை தட்டுகிறோம். அடுத்த வாரம் ஹாலுக்கு அனுப்புகிறோம். எனக்கு வேண்டியது சாதாரண ஞாயிறுகளில் சின்னச் சின்ன வேலை. சங்கீதத்தில் ஒரு வசனம் பிள்ளைகள், ஒரு வசனம் சபை. காணிக்கைப் பையை ஒரு பெரியவரோடு ஒரு பிள்ளை சேர்ந்து தூக்கட்டும். விண்ணப்ப ஜெபத்தில் ஒரு வரி பிள்ளைகளே எழுதட்டும். பிரசங்கம் இருபது நிமிடத்துக்குள். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினேன். ஐயர் சிரித்தார்.

அப்போஸ்தலர் 20-ஐ அவரே எடுத்தார். பவுல் நடுராத்திரி வரை பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். "பவுல் பேச்சை நிப்பாட்டி இறங்கிப் போயி அவனை அணைச்சாரும்மா. ஏன் தூங்கினேன்னு கேக்கலை."

30-ஆம் தேதி பாயை விரிக்கலாம் என்றார். ஒரு வாரம் பார்க்கலாம் என்று கமிட்டியிடம் அவரே பேசுவார்.

மார்ச் 27, வியாழன்

பாயில் எலி கடித்திருக்கிறது. தைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஒழுங்கு குலைந்த நாள், நல்ல நாளும்கூட. இரண்டு பையன்கள் இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை பாவ அறிக்கை முழுக்க அழுதது. காணிக்கைப் பை கவிழ்ந்து நாணயம் பீடப்படி வரைக்கும் உருண்டது. பையன் உறைந்து நின்றான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியார் முட்டி போட்டு அவனோடு சேர்ந்து பொறுக்கினார்.

சங்கீதம் 32. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தனியாக வாசிக்க வேண்டிய வசனம். 'இரட்சணியப் பாடல்கள்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். 'இர... இரட்...' மைக்கில் அவள் மூச்சு கேட்டது. யாரும் இருமக்கூட இல்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா, உட்கார்ந்தபடியே, 'இரட்சணிய' என்று எடுத்துக்கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டு முடித்தாள். வெளியே வரும்போது அந்தத் தாத்தாவைத் தேடிப் போய் நின்றாள். இருவருக்கும் இதுவரை பேச்சே கிடையாது.

நேரலையில் எல்லாம் போயிருக்கும். போகட்டும்.

ஏப்ரல் 2, புதன்

வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் சேர்க்க வேண்டும்.

அத்தை முதலில் கேட்டது, "பாயில எத்தன புள்ளைய உக்காந்துச்சி?"

ஏப்ரல் 6, ஞாயிறு

அத்தை கோயிலுக்கு வந்தார்கள், நாற்காலியில். சின்னவன் பக்கத்தில். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் அவர்கள் விரல் வரிக்கு அடியில் நகர, அவன் கண் விரலோடு நகர்ந்தது. நான்காம் அடியில் அத்தைக்கு மூச்சு வாங்கியது. விரல் நின்றது. அவன் தன் விரலை வைத்து நகர்த்தினான், அத்தை அதைப் பார்த்து மெதுவாகப் பாடினார்கள்.

நற்கருணைப் பந்திக்குப் போனபோது அவனும் மற்றவர்களைப் போல வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினான். ஐயர் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். கையை மெல்ல மடக்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து, வகுப்புத் தோழன் கடற்கரை ஊர்க் கத்தோலிக்கன், அவனுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்துவிட்டார்கள், எனக்கு எப்போது என்றான். திடப்படுத்தல் எடுத்த பிறகு, வளர்ந்து விசுவாசத்தை நீயே அறிக்கையிட்ட பிறகு என்றேன். "அவனுக்கு மட்டும் இப்பவே புரியுமோ?"

கத்தோலிக்கர் 1910-ல்தான் ஏழு வயதை ஒட்டிக் கொடுக்கலாம் என்று இறங்கி வந்தார்கள். கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கே கொடுக்கிறார்கள். 1982-ல் உலகச் சபைகள் சேர்ந்து எழுதிய லீமா அறிக்கையிலும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் பந்தியை மறுக்கும் சபைகள் யோசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. கோயில் விருந்தான அசனத்தில் கறியும் சோறும் போடும்போது எந்தப் பிள்ளையிடமும் புரிகிறதா என்று நாம் கேட்பதில்லை. எனக்கு இதில் ஒரு முடிவு இருக்கிறது. ஐயரிடம் ஒருநாள் சொல்வேன். இந்த வாரம் அல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் மருந்து ஏற்றினார்கள். வாந்தி. வாட்ஸ்ஆப் குழுவில் 'கோயிலா, பாலர் வாடியா' என்று ஒருவர் போட்டிருக்கிறார். கையெல்லாம் நடுங்குகிறது. பதில் போடவில்லை.

ஏப்ரல் 12, சனி

குருத்தோலை வந்து இறங்கியது. பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கிழித்துச் சிலுவை மடிக்கிறார்கள். நாளை குருத்தோலை ஞாயிறு, அன்றைக்கு மட்டும் அவர்கள் கத்தலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மத்தேயு 21-ல் ஆலயத்துக்குள் ஓசன்னா என்று ஆர்ப்பரித்தது பிள்ளைகள். கோபப்பட்டது ஆலயத்தை நடத்துகிறவர்கள். நாளை அண்ணாச்சிதான் அந்த வாசிப்பு வாசிக்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

கமிட்டி பேசி முடிக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளிவிட்டார்கள். அதுவரை பாய் இருக்கும்.

இயேசு சீஷர்களின் கால் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழனுக்கு, ஐயர் கால் கழுவப்போகும் பன்னிரண்டு பேர் பட்டியலை ஐயர் என்னிடம் கேட்டிருக்கிறார். எப்போதும் கமிட்டி ஆண்கள்தான் உட்காருவார்கள். இந்த முறை ஆறு பெரியவர்கள், ஆறு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறேன். சங்கீதம் வாசித்தவள், எடுத்துக்கொடுத்த தாத்தா, பை கவிழ்த்தவன், கோயில்குட்டியார், வாசலில் நின்ற பெண். அண்ணாச்சி பெயரையும் போட்டிருக்கிறேன். மிச்சப் பெயர்களை நாளை ஆஸ்பத்திரியில் அத்தையிடம் கேட்டு எழுத வேண்டும்.