பாலைவனத்தில் ஒரு பைக் ராலிப் பாதை போட்டுப் பார்த்தேன்

மொத்தம் 210 கி.மீ. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் சுற்று. நடுவில் ஒரே ஒரு பெட்ரோல் நிறுத்தம். ஓரளவு பழகிய ஆட்கள் ஒரே பகலில் முடித்துவிட வேண்டும், ஆனால் முடித்தபின் யாரும் "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம்" என்று சொல்லிவிடக் கூடாது. இதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு. பாதை இப்போது முக்கால்வாசி கூடி வந்திருக்கிறது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை கணினியில். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப் படம். பைக் தடம் தெரியாது, ஆனால் கல் தரை எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். உயரத்துக்குப் பலரும் எடுப்பது எஸ்ஆர்டிஎம் என்ற தரை உயரத் தரவு. அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து அளந்தது. பாறை மலைக்கு அது போதும், மலை எங்கேயும் போகாது. மணல் குன்று அப்படியா? பிறை வடிவக் குன்றுகள் காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கும், அதிலும் சின்னவைதான் வேகமாக நகரும். அந்தத் தரவில் மேடாக இருக்கும் இடம் இன்று வெறுந்தரையாக இருக்கலாம். அதனால் மணல் பகுதிக்கு உயரத் தரவை அடியோடு விட்டுவிட்டு நிழலைப் பார்த்தேன். சென்டினல் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. குளிர்காலப் படமாக எடுத்தால் சூரியன் தாழ்வாக இருக்கும், குன்றின் ஒவ்வொரு முகடும் கோடு போட்டதுபோல் நிழல் காட்டும்.

இங்கிருந்துதான் விஷயம் சூடு பிடித்தது. பிறையின் இரண்டு முனைகளும் காற்று போகும் திசையைக் காட்டுகின்றன. காற்று ஏறி வரும் பக்கம் பத்து, பதினைந்து டிகிரி மென்மையான ஏற்றம். மறுபக்கம் முப்பதுக்கு மேல், முப்பத்திமூன்று முப்பத்திநான்கு வரை போகும் சரிவு. உலர்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். காற்று போகும் திசையில் ஓட்டினால் கெட்டியான பக்கத்தில் ஏறி, பொலபொலப்பான பக்கத்தில் இறங்கலாம். எதிர்த் திசையில் வந்தால் ஒவ்வொரு குன்றும் சுவர். படத்தில் ஒரே கோடுதான், ஆனால் அதைத் திருப்பி ஓட்டினால் வேறு ராலி. சுற்றைக் கடிகாரத் திசையிலா, எதிர்த் திசையிலா என்ற கேள்வியைக் காற்றே முடித்துவைத்தது. இங்கே அது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வீசுகிறது. குன்றுகளை வடமேற்கு ஓரத்தில் நுழைந்து தென்கிழக்கில் வெளியேற வேண்டும்.

அடுத்த தலைவலி சூரியன். காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருக்கும், வண்டி மேலே மிதக்கும். உச்சி வெயிலில் அதே மணல் டயரை விழுங்கும். அதைவிட மோசம், நண்பகலில் நிழலே இருக்காது. எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிரியாது. முகட்டுக்கு அப்பால் இறக்கமா வெட்டவெளியா என்று தெரியாமல் ஆக்ஸிலேட்டரைத் திருகியவர்கள்தான் எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். சரி, விடிந்ததும் மணலில் இறங்கலாம் என்றால், தென்கிழக்கு நோக்கிப் போகும்போது சூரியன் நேரே கண்ணில்.

ஆகவே தொடக்கத்தைக் கிழக்கு ஓரத்தில் வைத்தேன். விடியலில் கிளம்பி, சூரியனை முதுகில் போட்டுக்கொண்டு மேற்கே 46 கி.மீ. கல் தரை. குன்றுகளின் வாசலுக்கு வரும்போது மணி எட்டரை ஒன்பது, சூரியன் கண் மட்டத்தைத் தாண்டியிருக்கும், மணல் இன்னும் முழுசாகச் சூடாகியிருக்காது. 38 கி.மீ. மணல். அதை விட்டு வெளியே வரும் இடத்திலேயே பெட்ரோல் நிறுத்தம். மணலுக்காக 12, 13 பிஎஸ்ஐ வரை இறக்கிய டயரை மறுபடி ஏற்ற எப்படியும் நிற்கத்தான் வேண்டும், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். டயருக்குள் காற்றுக்குப் பதில் மவுஸ் என்ற நுரை வளையம் போட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

பெட்ரோல் கணக்கில் ஒரு விசித்திரம். எல்லாரும் மணலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என் வண்டி கல் தரையில் லிட்டருக்கு 20, மணலில் 12 கொடுக்கிறது. முதல் பாதிக்கு ஐந்தரை லிட்டர் ஆகிறது. இரண்டாம் பாதி 126 கி.மீ., கல்லும் ஆற்றுப்படுகையும் கலந்து 18 என்று வைத்தால் ஏழு லிட்டர். டேங்க் அளவைத் தீர்மானிப்பது இந்த அலுப்பான பாதிதான். எட்டு லிட்டர் டேங்க் வைத்திருப்பவர்கள் முதுகுப் பையில் இன்னொரு இரண்டு லிட்டர் இல்லாமல் வர வேண்டாம்.

ரோடுபுக், அதாவது ஓட்டுபவர் பார்த்துக்கொண்டே போகும் வழிக்குறிப்புத் தாள், எழுதுவது தனி சுகம். இடக் கட்டத்தில் தூரம், நடுவில் துலிப் படம் எனப்படும் திருப்பப் படம், வலப்பக்கம் குறிப்பு. வரும் இடத்தைக் காட்டும் பந்திலிருந்து கிளம்பி, போக வேண்டிய திசையைக் காட்டும் அம்பில் முடியும் அந்தக் குட்டிப் படத்தில் தேவையில்லாத கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கல் தரையில் இது அருமையாக வேலை செய்கிறது. மணலில் கிடையாது. ஆள் குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து போவார், ஓடிய தூரம் காட்டும் டிரிப் மீட்டர் என் கணக்கைவிடக் கூடவே காட்டும். திசையும் அப்படித்தான்: ஒரே ஒரு டிகிரி பிசகினால் 10 கி.மீ. தள்ளி 175 மீட்டர் விலகிப்போகும். மணலில் யாரால் ஒரு டிகிரியைப் பிடித்து ஓட்ட முடியும்? அதனால் அங்கே கட்டங்களைக் குறைத்துவிட்டேன். ஒரு திசை எண், தொலைவில் தெரியும் கறுப்புப் பாறைக் கூம்பு, வெளியேறும் இடத்தில் அகலமான வேபாயின்ட் (ஜிபிஎஸ்ஸில் குறித்த இடம்), "இங்கே மீட்டரைச் சரிசெய்" என்ற ஒரு வரி. பெரும் ஆபத்து என்பதற்கான மூன்று ஆச்சரியக்குறியை இரண்டே இடத்தில் போட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

சோதனைக்கு இடத்தையே பார்த்திராத தம்பி ஒருவனை ரோடுபுக்கோடு முன்னால் விட்டு நான் பின்னால் போனேன். ஆற்றுப்படுகைக்கு முன்னால் நின்றுவிட்டான். "அண்ணே, படத்துல ரெண்டு தடம் பிரியுது, இங்க நாலு பிரியுதே?" உண்மைதான். புதிதாக யாரோ லாரி ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தடத்தைத் தூக்கிவிட்டு, எதிர்க்கரையில் இடிந்து நிற்கும் மண் விளிம்பை வரைந்தேன். லாரி அதை மாற்றாது.

தப்பிக்கும் வழி எல்லாவற்றையும் விட எளிது. சுற்றின் தெற்கே முழு நீளத்துக்கும் ஒரு சரளைச் சாலை ஓடுகிறது. வண்டி கெட்டாலும் வழி தவறினாலும் திசைகாட்டியில் 180 டிகிரி, அதாவது நேர் தெற்கே பிடி, சாலை வரும். ரோடுபுக்கின் முதல் கட்டத்துக்கும் மேலே பெரிய எழுத்தில் இது மட்டும் இருக்கும்.

மீதமிருப்பது 150ஆவது கி.மீ.யில் உள்ள உப்புத் தரை. மேலே வெள்ளையாக உலர்ந்து, அடியில் சேறு. காலால் மிதித்தால் தாங்குகிறது, குச்சியைக் குத்தினால் ஒரு சாணுக்குக் கீழே ஈரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. வண்டி இறங்கினால் இழுத்து எடுக்க இன்னொரு வண்டி கிட்டே வர முடியாது. சுற்றிப் போக 9 கி.மீ. கூடுதல், அரை லிட்டர் பெட்ரோல். இரண்டு வழிக்கும் தனித்தனித் தாள் அடித்து வைத்திருக்கிறேன். எதை ஒட்டுவது என்பது முந்தின நாள் மாலை அதே குச்சியைக் குத்திப் பார்த்த பிறகு.