சேதி கடைசியாகப் போய்ச் சேரும் ஆள்

தூத்துக்குடியில், சரக்குக்கான சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். துறைமுகம் என்றதும் எல்லோருக்கும் கிரேன்தான் நினைவுக்கு வருகிறது. கிரேன் ஒரு கன்டெய்னர் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைக்க இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்தான் எங்கள் பிழைப்பு.

திருப்பூரிலிருந்து பனியன் சரக்கு வருகிறது என்று வையுங்கள். பெட்டி கப்பல் கம்பெனியுடையது. இழுத்து வரும் டிரெய்லர் வேறொருவருடையது. சுங்கத்துறையில் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பைப் போடுவது நாங்கள். கப்பலில் ஏற்றுவது துறைமுகத்தில் பெட்டிகளைக் கையாளும் டெர்மினல். சரக்கோடு சேர்த்துப் பெட்டியின் எடையை ஏற்றுமதியாளர் உறுதிசெய்து தர வேண்டும். அது இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது 2016 ஜூலை முதல் உலகம் முழுவதற்குமான விதி. கனமான பெட்டி மேலடுக்கில் போய் உட்கார்ந்தால் கப்பலின் நிலைப்பாடே கெடும் என்பதால், எந்தப் பெட்டி எங்கே என்று திட்டமிடுகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் வேலை செய்கிறார்.

பெட்டிக் கதவைப் பூட்டி அடித்த போல்ட் சீல் என்ற முத்திரையின் எண்ணைத் துறைமுகக் கேட்டில் சரிபார்ப்பார்கள். காகிதத்தில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் வண்டி ஓரங்கட்டப்படும். தொழிற்சாலைக்குப் போன், கப்பல் கம்பெனிக்கு மின்னஞ்சல், திருத்தத்துக்காகச் சுங்க அதிகாரியைத் தேடி எங்கள் பையன் ஓட்டம். அதற்குள் அந்தக் கப்பலுக்கான பெட்டிகளை உள்ளே விடும் கடைசி நேரமான கட்-ஆஃப் முடிந்தால் பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். இங்கிருந்து போகும் பெட்டிகள் பலவும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுபவை. இங்கே தவறினால் அங்கே பிடிக்க வேண்டிய கப்பலும் போய்விடும்.

சந்தையில் முட்டி மோதும் கப்பல் கம்பெனிகள் பெரிய துறைமுகத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும் ஒரே சிறிய ஃபீடர் கப்பலில் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இடத்தைப் பகிர்கிற அளவுக்கு நாம் யாரும் தகவலைப் பகிர்வதில்லை. கப்பல் தாமதம் என்பது கப்பல் கம்பெனிக்குக் காலையில் தெரிகிறது, எங்களுக்கு மாலையில், டிரைவருக்குக் கேட்டில். இது அநியாயம்.

கட்-ஆஃப் மாறிய சேதி வந்ததும் எங்கள் அலுவலகத்தில் முதல் போன் டிரைவருக்கு, அடுத்ததுதான் ஏற்றுமதியாளருக்கு. சிலருக்கு அதில் வருத்தம். இருக்கட்டும். எட்டயபுரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டால், வழியில் நல்ல இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திக் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வருவார் டிரைவர்.