இறங்கிப் போகும் கடற்கரை: கிருஷ்ணகிரியிலிருந்து காலா கோலொரிட்சே

தர்மபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். முடியவில்லை என்றால் பாதியிலேயே திரும்பிவிடலாம். இத்தாலியின் சார்டினியா தீவில் இருக்கும் காலா கோலொரிட்சே கடற்கரை இதற்கு நேர்மாறு. மேலே வண்டியை நிறுத்திவிட்டு மூன்றரை கிலோமீட்டர் இறங்கினால்தான் கடல். குளித்து, வெயிலில் கிடந்து, உப்பு ஊறிய உடம்போடு அதே வழியில் ஏறி வர வேண்டும். போகும்போது தெரியாத கஷ்டமெல்லாம் வரும்போது தெரியும். அதனால் தண்ணீர், காலணி, நேரம் என்று எதைத் திட்டமிட்டாலும் திரும்பி ஏறுவதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இந்தக் கரைக்கு வயது அதிகமில்லை. 1962-ல் மலைச்சரிவு ஒன்று பாறைகளைக் கடலில் கொட்டியது; இப்போது கரையில் கிடக்கும் வெள்ளைக் கூழாங்கற்கள் அதிலிருந்து வந்தவை. தலைக்கு மேலே அகூலியா என்ற ஊசிப்பாறை 143 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. 1995-ல் இந்த இடத்தை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார்கள். படகு கரையில் ஒதுங்க அனுமதி கிடையாது. சுற்றுலாப் படகுகள் தூரத்தில் நின்று காட்டிவிட்டுப் போய்விடும். கரையில் கால் வைக்க வேண்டுமானால் நடைதான்.

நடந்து போகிறவர்களுக்கும் ஒரு நாளைக்கு 250 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கோடைக்காலத்தில் செயலி வழியாக முன்பதிவு செய்து, ஆளுக்கு 7 யூரோ அளவில் கட்டணம் கட்ட வேண்டும். 2025-ல் உலகின் சிறந்த கடற்கரைகள் பட்டியல் ஒன்றில் இதற்கு முதலிடம் கிடைத்த பிறகு இடம் கிடைப்பது இன்னும் சிரமம். ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிருங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கம், செப்டம்பர்தான் நல்ல காலம். செப்டம்பரில் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். டிக்கெட்டைப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் சிக்னலை நம்ப முடியாது.

இத்தாலி விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பெங்களூரு பக்கம்தானே என்று அங்கேயே நேரம் வாங்கிவிடாதீர்கள். உங்கள் தமிழ்நாட்டு முகவரிக்கு எந்த விசா மையம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விமானம் பெங்களூரிலிருந்துதான் சௌகரியம். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நுழைந்து ஊரை முழுக்கத் தாண்ட வேண்டும் என்பதால் கிருஷ்ணகிரியிலிருந்து நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தர்மபுரி என்றால் இன்னும் ஒரு மணி நேரம். ரோம் அல்லது மிலன் போய், அங்கிருந்து காலியாரி அல்லது ஓல்பியாவுக்கு உள்நாட்டு விமானம்.

ஊர்ப் பெருமைக்காகப் பெட்டியில் மாம்பழம் வைக்காதீர்கள். தாவரநலச் சான்றிதழ் இல்லாத மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள். பால்கோவாவும் அப்படியே, பால் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். கடலை மிட்டாய்க்குத் தடையில்லை. ஏற்றத்தில் அதைவிட நல்ல தீனியும் இல்லை.

தீவில் வாடகைக் கார் இல்லாமல் இந்த இடத்துக்குப் போவது மிகவும் சிரமம். ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஒரு வருடம் செல்லும். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், டெபிட் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். சின்ன காராக எடுங்கள். பாவ்னெயி என்ற மலைக்கிராமத்திலிருந்து கோல்கோ மேட்டுநிலத்துக்கு ஏறும் சாலை செங்குத்து, கொண்டை ஊசி வளைவுகள். அதோடு அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வளைவில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஒதுங்குவதுதான் நம் ஆட்கள் செய்யும் ஆபத்தான தவறு. முந்தின இரவே பாவ்னெயியிலோ, கீழே சாந்தா மரியா நவர்ரேசேயிலோ தங்கிவிட்டால் காலையில் அவசரப்பட வேண்டாம்.

அந்த மேட்டுநிலத்தில் சு போர்தெட்டு என்ற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். கழிப்பறை வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். கீழே கழிப்பறை, கடை, குடிநீர் எதுவும் கிடையாது. பாதை முதலில் கொஞ்சம் ஏறி, சுமார் 470 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைத் தொட்டு, அங்கிருந்து கடல்மட்டம் வரை ஒரே இறக்கம்.

இறக்கத்தில் கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்ம ஊர்க் காலுக்குப் பழக்கம் கருங்கல். ராயக்கோட்டைப் பாறையில் காய்ந்த நாளில் வெறுங்காலோடு சரிவில் நின்றாலும் பிடிக்கும், மேற்பரப்பு சொரசொரப்பு. அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்துத் தேய்த்துப் பாதையின் நடுக்கற்கள் சோப்பு போட்ட மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். பளபளக்கும் கல்லைத் தவிர்த்து, சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும் கல்லில் கால் வையுங்கள். அடிப்பாகத்தில் ஆழமான வெட்டு உள்ள ஷூ கட்டாயம். ரப்பர் செருப்போடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். இறங்கும்போது விரல் முட்டி நகம் கறுக்காமல் இருக்க, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் கொண்டுபோவது நல்லது.

இறங்க ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம், ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அதில் ஒன்றரை லிட்டரைக் கரையில் இருக்கும்போது தொடவே கூடாது, ஏற்றத்துக்கானது. கடல் பார்த்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, பாதி ஏற்றத்தில் தலைசுற்றி உட்காருவது அங்கே வழக்கமாக நடப்பது.

கரையில் மணல் எதிர்பார்க்காதீர்கள், கூழாங்கல்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஆழம் குறைவாகத் தெரியும். சில அடிகளிலேயே கால் தரைக்கு எட்டாமல் போய்விடும். கிணற்றிலும் காவிரியிலும் நீச்சல் பழகியவர்களுக்கு நீந்துவது பிரச்சினையில்லை. வெளியே வருவதுதான் பிரச்சினை. அலை பின்வாங்கும்போது காலடிக் கற்களையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகும். அலை முன்னே தள்ளும்போது அதோடு வந்து, கையை ஊன்றித் தவழ்ந்து ஏறுங்கள். நீந்தும்போது திடீரென்று ஒரு இடத்தில் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம், பாறைக்கு அடியிலிருந்து நன்னீர் ஊற்று கடலுக்குள் வருகிறது. பாறைச்சுவரை ஒட்டிப் படுக்காதீர்கள், கல் விழும்.

கரை கிழக்கு பார்த்தது. பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால் நல்ல வெளிச்சம் வேண்டுமானால் காலையில் வாசல் திறந்ததும் இறங்கிவிட வேண்டும். ஏறுவதற்கு உச்சிவெயிலைத் தவிர்த்து, பாதையின் கீழ்ப்பகுதியில் நிழல் விழத் தொடங்கியதும் கிளம்புங்கள். மாலையில் கரையைக் காலி செய்யச் சொல்லும் நேரம் டிக்கெட்டில் இருக்கும்.

கிளம்பும் முன் ஒரு பத்து நிமிடம் செலவழியுங்கள். ஈரத் துணியை முழுவதும் கழற்றி, அரை லிட்டர் நன்னீரில் தொடை இடுக்கு, அக்குள், பாதம் ஆகிய இடங்களில் உப்பைக் கழுவி, காய்ந்த உடுப்பும் புது சாக்ஸும் போடுங்கள். இந்தத் தண்ணீர் மூன்று லிட்டருக்கு மேல் தனியாக இருக்கட்டும். உப்போடு ஏறினால் கால்மணி நேரத்தில் தொடை உராய்ந்து எரியத் தொடங்கும், மீதி ஏற்றம் நரகம்.

ஷூவை உதறிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். சின்னக் கல் ஒன்று தங்கினாலும் கொப்புளம் போடும். அழகாக இருக்கிறதே என்று கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. சார்டினியாவில் மணல், கல், கிளிஞ்சல் எடுப்பது 2017 சட்டப்படி குற்றம். அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை, விமான நிலையத்தில் பெட்டியையே சோதிக்கிறார்கள்.