அமீனாவுக்கு மோர்

சேலத்துக்காரிக்கு ஒருவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேச வராது. ‘உள்ளே வாருங்கள்’ என்பது யோசிக்குமுன் வாயில் வந்து நின்றுவிடும். லண்டனில் அந்த இரண்டு சொற்களால் ஒரு நாள் வம்பில் மாட்டியிருப்பேன்.

2022 அக்டோபர். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து ஈஸ்ட்ஹாம் வீட்டுக்கு வந்து, இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். சங்கிலியை மாட்டியபடி திறந்து பார்த்தால், சட்டையில் சிறிய கேமராவும் கையில் ஒரு தாளுமாக ஒருவர். தாளில் என் பெரியம்மா மகனின் பெயர். வெளியே குளிர். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கலாம் என்று சங்கிலியில் கை வைத்தேன். குப்பைத் தொட்டியை வெளியே உருட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேண்டாம், திறக்காதே.

வந்தவர் பெய்லிஃப். கடனுக்காக வீட்டுப் பொருள்களை ஜப்தி செய்ய வருபவர். நம் ஊர் கோர்ட் அமீனா மாதிரி, ஆனால் தனியார் நிறுவனத்து ஆள். தம்பி வேலைக்கு வந்த புதிதில் எட்டு மாதம் என்னுடன் இருந்தான். அப்போது வாங்கிய பழைய காரை என் முகவரியில் பதிந்தான். வேறு ஊருக்குப் போனபின் முகவரியை மாற்றவில்லை. காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு 130 பவுண்டு அபராதம். கட்டாததால் பாதி கூடி 195. பிறகு நார்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் பதிவாகி, பெய்லிஃபிடம் போனதும் முதல் கடிதத்துக்கு 75, வீட்டு வாசலுக்கு வந்ததற்கு 235. ஐந்நூறைத் தாண்டிவிட்டது. அதற்குள் தம்பி வேலையும் போய்ச் சேலத்துக்கே திரும்பிவிட்டான்.

கதவைச் சாத்திவிட்டு, தபால் போடும் துவாரம் வழியாகவே பேசினேன். கீழே மண்டியிட்டு, பித்தளை மூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம் தெரிந்தது அவருடைய பெல்ட் மட்டும்தான். ‘உங்கள் சகோதரர்தானே, நீங்களே கட்டிவிடலாமே’ என்றது பெல்ட். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். கவுன்சில் வரி ரசீது என் பெயரில் இருப்பதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். குறித்துக்கொண்டு போனார்.

அன்று மாலை அக்கா விளக்கிச் சொன்னதும், பிறகு இலவச ஆலோசனை மையத்தில் கேட்டறிந்ததும் இதுதான்: இத்தகைய அபராதக் கடனுக்கு முதல் தடவை வருபவர் பலவந்தமாக நுழைய முடியாது. நாமாக உள்ளே விட்டால்தான் வம்பு. பொருள்களைப் பட்டியல் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், தவணை தவறும்போது கதவை உடைத்தும் வரலாம். கடன் என்னுடையது அல்லதான். ஆனால் டிவி என்னுடையது என்று நிரூபிக்க நான் ரசீது தேட வேண்டும். தெருவில் நிற்கும் காருக்கும் அதே கதை. பதிவுச் சான்று மட்டும் போதாது, வாங்கிய ரசீதும் வேண்டும். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரைதான் வரலாம், வருமுன் ஏழு முழு நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். இவையெல்லாம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள்.

அந்த அறிவிப்பு வந்திருந்தது. சமையலறை இழுப்பறையில், தம்பி பெயருக்கு வந்த மற்ற பதினொரு உறைகளோடு, பிரிக்காமல் கிடந்தது. பிறர் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ‘இவர் இங்கே இல்லை’ என்று எழுதித் திரும்பத் தபாலில் போட வேண்டும் என்பது தோன்றவே இல்லை. முகவரியை மாற்றாதது அவன் தப்பு என்றால், கடிதங்களை அடைகாத்தது என் தப்பு.

அந்தத் தப்பே கடைசியில் உதவியது. அபராத அறிவிப்பு தன் கைக்கு வரவே இல்லை என்று தம்பி அம்மாப்பேட்டையில் இருந்தபடியே படிவம் நிரப்பி அனுப்பினான். அது பொய்யும் இல்லை. பழைய உத்தரவு ரத்தாகி, விஷயம் 130 பவுண்டோடு முடிந்தது. அதைக் கட்டியது யார் என்பது எங்கள் குடும்ப விவகாரம்.

இந்த ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அமீனாவை அறிந்தவர். 1988இல் பெரியப்பா ஒரு நூல் வியாபாரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவன் ஓடிவிட, வீட்டுக்கு ஜப்தி வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. சைக்கிளும் ரேடியோவும் சுவர்க் கடிகாரமும் போயின. தறியைத் தொடவில்லை, தொழிலாளியின் கருவியும் சமையல் பாத்திரமும் ஜப்தியில் சேராது என்று நம் 1908ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நாம் சூரியனைப் பார்க்கிறோம். ஏழு வயதில் நான் பார்த்தது வேறு: திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிய அமீனாவுக்குப் பெரியம்மா பெரிய டம்ளரில் மோர் கொடுத்தார். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, ‘இன்னும் கொஞ்சம் உப்பு அம்மா’ என்றார்.

பெரியம்மா நான் சொன்னதையெல்லாம் தட்டுவடையை உடைத்தபடி பொறுமையாகக் கேட்டார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பவுண்டுக்கு எத்தனை ரூபாய் என்றுகூடக் கேட்கவில்லை.

‘அந்தக் குளிரில், அந்த ஆளுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமலா அனுப்பினாய்?’ என்றார்.