ஊசிக் காது

மார்ச் 11, 2024, திங்கள்

துபாயில் முதல் நோன்பு. நேற்று இரவோடு நைட் கிளப்பை மூடியாகிவிட்டது, இனிப் பெருநாளுக்குத்தான். ஆட்களில் பாதிப் பேர் லீவில் போய்விட்டார்கள். நானும் தையல் மெஷினும் 22 சோபாவும் பாக்கி. எல்லாவற்றுக்கும் புது உறை போட வேண்டும். சிறுத்தைப் புள்ளித் துணி 14 ரோல் வந்து சமையலறை வாசலில் கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டு ரோல் வேறு சாயம். யாரிடம் சொல்வது? வாங்கியவரும் லீவில்.

மார்ச் 12

ஊரில் இன்றுதான் தலைநோன்பு. உம்மா போன் செய்தார். சஹருக்கு எழுந்தாயா, என்ன சாப்பிட்டாய், வேலை கஷ்டமா. திரைச்சீலை தைக்கிறேன் உம்மா, ஹோட்டலில் புதுத் திரைச்சீலை போடுகிறார்கள் என்றேன். ஒன்பது வருடமாக இதே திரைச்சீலை. முழுப் பொய்யும் இல்லை, திரைச்சீலையும் தைத்திருக்கிறேன்.

மார்ச் 14

நூல் கோர்க்க ஏழு தடவை.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று சோபா முடிந்தது.

இந்தத் துணியைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது, ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். சிறுத்தைப் புள்ளி கண்டபடி தெளித்ததுபோலத் தெரியும். அப்படி இல்லை. அச்சு ஒரு உருளையில் சுற்றி வருகிறது, இந்தத் துணியில் 64 சென்டிமீட்டருக்கு ஒரு தரம் அதே புள்ளிகள் அதே வரிசையில் திரும்பி வரும். வெட்டுகிறவன் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். நான் ஒரு புள்ளியை அடையாளம் வைத்துக்கொள்வேன். இதில் ராமேஸ்வரம் தீவு மாதிரி நீட்டி வளைந்த ஒன்று இருக்கிறது. அது வருகிற இடத்தில் சாக் கோடு. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது அரைப் புள்ளியும் அரைப் புள்ளியும் கூடி ஒரு புள்ளி ஆனால் தையல் இருக்கிற இடமே தெரியாது. கூடாவிட்டால், பணம் கொட்டி உட்கார வருகிறவன் முதுகுக்குப் பின்னால் பாதிச் சிறுத்தை, பாதிக் கழுதை.

முன்பு வேலை பார்த்த சத்வா தையல் கடையில் மாஸ்டர் சொல்வார்: அச்சுத் துணி தையல்காரனுக்குத் தோழன், வெறுந்துணி போலீஸ்காரன். 2009இல் ஃபேர்மான்ட் ஹோட்டலில், சிறுத்தைப் புள்ளிக்குப் பேர்போன இத்தாலி டிசைனர் கவாலி பெயரில் கிளப் திறந்தபோது எங்கள் தெருவில் அதே பேச்சுதான். உள்ளே போனவர் எவருமில்லை. ஆனால் பிலிப்பினோப் பெண்கள் சிறுத்தைத் துணியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே புர்ஜ் கலீஃபாவுக்குள் அர்மானி ஹோட்டல், அதிலும் ஒரு கிளப். அர்மானியும் டிசைனர்தான், ஆனால் ஆள் நேர் எதிர். சாம்பல், பழுப்பு, கறுப்பு, ஒரு பூ இருக்காது. அந்த மாதிரி ஒரு கோட்டைப் பார்த்து அதேபோல் தைத்துக் கொடு என்று ஒரு லெபனான்காரர் கொண்டுவந்தார். மூன்று தரம் பிரித்தோம். மறைக்க ஒன்றுமே இல்லாத துணியில் கை நடுங்கினது நடுங்கினதுதான்.

எங்கள் கிளப் கவாலி ஜாதி. கூரையிலிருந்து படிகச் சரம், தரையில் கறுப்புக் கண்ணாடி, நடுவில் மாடல் பெண்கள் நடக்க நீள மேடை. நள்ளிரவு 12க்குப் பத்து நிமிட ஷோ. நான் மேடைக்குப் பின்னால் ஊசியும் நூலும் வாயில் இரண்டு பின்னுமாக நிற்பேன். ஜிப் அறுந்தவள் ஓடி வருவாள், நாற்பது நொடி, தைத்து அனுப்ப வேண்டும்.

அந்த நாற்பது நொடியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 20

இன்று விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுக் கிளம்பும்போது இருட்டில் ஒரு மின்னல். வலது ஓரத்தில், வில் மாதிரி. மேடை விளக்கு ஏதோ அணையவில்லை என்று திரும்பிப் போய் மெயின் சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

நின்று கண்ணை உருட்டினேன். மறுபடி.

கிளப் நடக்கிற நாட்களிலும் இது வந்திருக்கும். அந்த வெளிச்சக் கூத்தில் எது கூரையிலிருந்து வந்தது, எது எனக்குள்ளிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

மார்ச் 21

இன்றும்.

மார்ச் 23

தேரா குவைத் பள்ளியில் நோன்பு திறந்தேன். வழக்கமான கூட்டம், பாதித் தமிழ்நாடு அங்கேதான். சூடான கஞ்சி, வடை, பேரீச்சம்பழம். வெள்ளைக் கஞ்சிக்குள் கறுப்பாக ஒன்று மிதந்தது, மிளகு என்று கரண்டியால் எடுக்கப் போனேன், கரண்டி வந்ததும் அது நகர்ந்தது. பக்கத்தில் எங்கள் அறையின் மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, கஞ்சியில மீன் பிடிக்கிற?" சிரித்துவிட்டுச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை, கண் விஷயம் தெரியும். திங்கட்கிழமை டாக்டரிடம் போகாவிட்டால் அறையில் ஏற்ற மாட்டேன் என்றார். கட்டிலுக்கு வாடகை நான்தான் தருகிறேன், ஆனாலும் சரி என்றேன்.

ஆப்ரா படகில் திரும்பி வந்தோம். ஒரு திர்ஹம். தண்ணீரில் விளக்குகள் ஆடின. நான் காக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 26

திங்கள் போகவில்லை. இன்று போனேன்.

கண்ணில் மருந்து ஊற்றினால் நோன்பு முறியுமா என்று காத்திருந்த நேரம் முழுக்க அறைக் குழுவில் வாய்ஸ் மெசேஜ் சண்டை. நம் ஷாஃபி மத்ஹப் சட்டத்தில் முறியாது, கண்ணுக்கு இடும் சுர்மா மாதிரிதான், தொண்டையில் கசந்தாலும் பரவாயில்லை என்று காக்கா முடித்துவைத்தார். ஊற்றினார்கள். கசந்தது.

டாக்டர் மலையாளி அம்மா, தமிழ் நன்றாகவே பேசினார். கண்ணுக்குள் ஜெல்லி மாதிரி ஒன்று இருக்கிறதாம், வயதானால் அது சுருங்கிப் பின்சுவரை விட்டுக் கழன்று வருமாம், மிதப்பது அதன் நூலும் தூசியும், புள்ளி என்று நாம் பார்ப்பது அதன் நிழல். ஜெல்லி கழலும்போது சுவரைப் பிடித்து இழுத்தால் மின்னல். இழுத்த இழுப்பில் சுவர் கிழிந்தால்தான் ஆபத்து. மைனஸ் ஆறு பவர் போடுகிற கண்ணில் அந்தச் சுவர் மெலிந்து நீண்டிருக்கும், சீக்கிரம் கிழியும். நான் துணியாகவே புரிந்துகொண்டேன். தேய்ந்த துணியில் கெட்டி நூல் போட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

கிழிசல் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் ஓரத்தில் ஓரிடம் சந்தேகம், விழித்திரை டாக்டர் பார்க்க வேண்டும் என்றார். கிழிந்திருந்தால் சுற்றி லேசர் வைத்து ஒட்டுவார்களாம். ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிப்பதுதான். புள்ளி திடீரென நிறையக் கொட்டினாலோ, திரை மாதிரி ஏதாவது இறங்கினாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் வா என்றார்.

திரை என்றதும் உம்மா நினைவு.

கண்மணி விரிந்து வெளியே ஒரே வெள்ளை. சத்வா வரை நடந்தே வந்தேன், சுவரைத் தொட்டுத் தொட்டு, குடிகாரன் மாதிரி, நோன்பு நாளில்.

மார்ச் 27

இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை.

மார்ச் 29

வரவில்லை. போன் செய்தால் பாட்டு போடுகிறார்கள்.

ஏப்ரல் 1

ஒன்பதாவது சோபாவில் புள்ளி கூடவில்லை. முதுகுப் பக்கம், நடுவில். கால் இன்ச் தவறு. பிரித்தேன். மறுபடி தைத்தேன். அதே கால் இன்ச். வேறு சாய ரோலும் இல்லை, சாக் கோட்டில்தான் தவறு. இத்தனை வருடத்தில் நான் கோடு போட்டுத் தப்பியதில்லை.

அந்தச் சோபாவை மூலையில் தூணுக்குப் பின்னால் போடச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

பெருநாளுக்குப் பிறகு தீம் மாறப் போகிறது என்று பேச்சு. மாறினால் தையல் வேலை வெளி ஆளுக்குப் போகும். வேலை போனால் கிடைக்கும் பணிக்கொடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். ஐந்து வருடத்துக்கு 105, மீதி நாலு வருடத்துக்கு 120, கூட்டினால் 225 நாள். வீட்டு மாடிக்கு ஓட்டுக் கூரையா கான்கிரீட்டா என்கிற சண்டை தீருகிற அளவுக்கு வரும். ஆனால் அடிப்படைச் சம்பளம் என்று அவர்கள் தாளில் எழுதியிருப்பது, நான் கையில் வாங்குவதில் பாதி.

விசா போனால் இன்சூரன்ஸும் போகும். இதை இரவு இரண்டு மணிக்குத்தான் யோசித்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

நோன்பின் 27ஆம் கிழமை இரவு. விடிய விடியத் தொழுகை. என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். கேட்டபோது வெட்கமாக இருந்தது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். கிளப்பில் ஜிப் தைக்கக் கண் கொடு என்று கேட்பதா? காக்காவிடம் சொன்னேன். கண்ணைக் கேள், அதை வைத்து என்ன செய்வாய் என்று அவனுக்கு முன்னமே தெரியும் என்றார்.

ஏப்ரல் 8

இன்று பிறை தெரியவில்லையாம். முப்பதும் முழுசாக. ஒரு நாள் கிடைத்தது, கடைசிச் சோபாவை முடித்தேன்.

ஏப்ரல் 10, பெருநாள்

காலையில் புதுச் சட்டை, தொழுகை, எட்டுப் பேர் சேர்ந்து பிரியாணி. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த தொதல். இரவு 11க்குக் கிளப் திறந்தாயிற்று.

ஒரு மாத இருட்டுக்குப் பிறகு விளக்குகள் ஒன்றாக எரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. படிகச் சரம் ஒவ்வொன்றும் நூறு புள்ளி எறிகிறது. என்னுடையது எது என்று தேடுவதையே விட்டுவிட்டேன். ஷோவில் ஒரு பெண்ணின் தோள்பட்டை நூல் விட்டது. கண்ணாடியைக் கழற்றி, ஊசியை மூக்கருகே பிடித்து, முதல் தடவையே கோர்த்துவிட்டேன்! எப்படி என்று தெரியாது. ஊசிக்கு இருப்பது காதுதானே, கண்ணில்லையே. கேட்டிருக்கும்.

தூணுக்குப் பின்னால் வைத்த சோபாவில்தான் பெரிய பில் போடும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒதுக்குப்புறம் பிடித்திருந்ததாம்.

ஏப்ரல் 11

ஊரில் இன்று பெருநாள். வீடியோவில் உம்மா. "மெலிஞ்சு போயிட்டியே, கண்ணெல்லாம் சிவந்திருக்கு." தூக்கமில்லை என்றேன். பின்னாலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியும், சொல்லியிருக்கிறேன். உம்மா எதிரில் கேட்க முடியாமல் கையை மட்டும் கண்ணுக்கு நேரே காட்டினாள். தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 13

ரொபெர்ட்டோ கவாலி நேற்று ஃபிளாரன்ஸில் இறந்துவிட்டாராம். 83. மேனேஜர் திரைகளில் எல்லாம் அவர் ஷோக்களையே ஓடவிட்டார். பின்னால் நின்று பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தோலின் மேலேயே துணி மாதிரி அச்சுப் போட வழி கண்டுபிடித்து உரிமை வாங்கியவர். மூன்று வயதில் தகப்பனை ஜெர்மன் ராணுவம் சுட்டுக் கொன்றது என்று ஒரு பெண் படித்துச் சொன்னாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் புள்ளிகள்தான். திரையில் ஒரு கவுனின் பக்கத் தையலை உற்றுப் பார்த்தேன். கூடியிருந்தது.

கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. கேக்கோடு மத்தாப்புதான் வந்தது, யாருக்கோ பிறந்தநாள்.

ஏப்ரல் 15

அப்ரூவல் வந்துவிட்டது! 17, புதன், காலை 10. ஹெல்த்கேர் சிட்டி.

ஏப்ரல் 16, செவ்வாய்

மழை. நேற்று இரவே தொடங்கியது. மத்தியானம் வானம் பச்சையாகிவிட்டது. என் கண்தான் போயிற்று என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காக்கா ஜன்னலிடமிருந்து கத்தினார், "எல்லாருக்கும் பச்சைதான்டா, வந்து பாரு." அப்புறம் இடி. மின்னல் வரும்போதெல்லாம் அவரைக் கேட்டேன்: இது உங்களுக்கும் தெரிந்ததா? இது? பத்துப் பதினைந்து தடவை பொறுமையாகச் சொன்னார். இரண்டு மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 17

போக முடியவில்லை. ஷேக் சாயித் சாலையில் கார்கள் கூரை வரை தண்ணீரில் நிற்கின்றன. மெட்ரோ சரியாக ஓடவில்லை, டாக்ஸி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே போன் செய்து டாக்டரும் வர முடியவில்லை என்றார்கள். அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டராம், 1949இல் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு கொட்டியதில்லையாம். இந்த நாளைப் பார்த்தா?

ஏப்ரல் 18

கிளப்புக்கு நடந்து போனேன். சத்வாவில் முட்டி வரை. சர்வீஸ் வாசல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஆறு சோபா ஊறிக் கிடக்கிறது. சாயம் விட்டு மஞ்சளாக வழிகிறது. தூணுக்குப் பின்னால் இருந்தது மேட்டில், ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 19

ஊரில் ஓட்டு. உம்மா விரலைக் காட்டி போட்டோ அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். போனை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். மை அசையவில்லை. அதன் பக்கத்தில் இன்னும் நாலைந்து, அவை அசைந்தன. நேற்று இத்தனை இல்லை.

காக்காவை எழுப்பப் போகிறேன்.