பிரிண்ட் டேபிள்ல நடந்த பேச்சுகள்

ஊட்டில ஒரு போட்டோ லேப்ல பிரிண்டிங், ரீடச்சிங் ரெண்டும் என் வேல. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ், ஸ்கூல் குரூப் போட்டோ, மே மாசம் மலர் கண்காட்சி சமயத்துல டூரிஸ்ட் ஃபேமிலிங்க பொட்டானிக்கல் கார்டன்ல நின்னு எடுத்தத அன்னிக்கே பிரிண்ட் போட்டுக் குடுக்கறது, இதான் தெனமும் ஓடும். இதுக்கு நடுவுல சில வருஷமா குயர் ஆர்ட்டிஸ்ட்டுங்க, அதாவது ஒரே பால விரும்பறவங்க, திருநர்னு இருக்கற கலைஞர்கள், சில பேர் எங்ககிட்ட பிரிண்ட் போட வர்றாங்க. போட்டோ எடுக்கறவங்க, டான்ஸ் ஆடறவங்க, துணில வேல பண்றவங்க, கூடலூர்ல இருந்து, கோத்தகிரில இருந்து, மதுரைல இருந்து கூட. இவங்களோட பேசிப் பேசி என் தொழில நான் பாக்கற விதமே மாறிடுச்சு, அத எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

ஏன் இங்க தேடி வர்றாங்கன்னு ஆரம்பத்துல எனக்குப் புரியல, கோயம்புத்தூர் போனா எங்கள விட பெரிய மெஷின் வச்ச லேப் எத்தனையோ இருக்கு. கூடலூர் பக்கத்துல இருந்து வர்ற தம்பி ஒருத்தர் கிட்ட கேட்டேன். அவர் கே, ஆண விரும்பற ஆண், அத அவரே தான் என்கிட்ட சொன்னார். "அக்கா, படம் எடுக்கறது நான், படத்துல இருக்கறது என் ஆளு, மூணாவதா அத பாக்கறது லேப்ல இருக்கறவங்க தான, அந்த மூணாவது ஆளு யாருன்னு தெரியாம ஃபைல எப்படி அனுப்பறது"ன்னார்.

இத்தன வருஷம் இந்த வேல பாத்தும் இப்படி யாரும் எனக்கு சொன்னதில்ல. ஃபிலிம் காலத்துல ரோல கழுவறவர் தான் படத்த எடுத்தவருக்கே முன்னாடி பாப்பார். போலராய்டு கேமரா வந்தப்ப அமெரிக்கால குயர் ஆளுங்க நெறைய பேருக்கு அது புடிச்சுப் போனதுக்கு ஒரு காரணமும் இதான், படம் கைலயே வந்துடும், நடுவுல கடைக்காரர் கெடையாது. எங்க ஊர் மாதிரி ஊர்ல லேப்காரர்னா உங்க மாமாவுக்கு ஃப்ரெண்டா இருப்பார், இல்லனா உங்க அத்த பையனோட ஒண்ணா படிச்சவரா இருப்பார். ஒரு படம் வெளிய போறதுக்கு அந்த ஒரு ஆள் போதும். இப்ப இவங்க படம் ஓடறப்ப டெஸ்ட் பிரிண்ட் எல்லாத்தையும் அவங்க கைலயே குடுத்து கிழிக்க சொல்லிடுவேன், ஃபைல அவங்க கண்ணு முன்னாடி டெலிட் பண்ணிடுவேன், வேற கஸ்டமர் உள்ள வந்தா பிரிண்ட குப்புற போட்டுடுவேன். சின்ன சின்ன விஷயம் தான், ஆனா இதெல்லாம் இருந்தா தான் பேச்சே ஆரம்பிக்குது.

அந்த தம்பியோட படங்கள பத்தி சொல்லணும். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பம் அவங்களோடது, அவங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேல குடுக்கறதுக்காக அரசாங்கம் 1968ல ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டம் தான் டேன்டீ, அந்த எஸ்டேட் லைன் வீட்டுல தான் இவர் பொறந்து வளந்தது. அவர் செய்யற சீரிஸ் முழுக்க அவரும் அவரோட துணையும், ஆனா ஒரு படத்துல கூட முகம் கெடையாது. லைன் வீட்டு வாசப்படில சேறு காயாத ரெண்டு ஜோடி கம்பூட்ஸ், சைஸ் வேற வேற. மிஸ்ட்டுல கம்பி வேலி மேல காயாமலே தொங்கற ரெண்டு லுங்கி. அட்டக்கடிக்கு உப்பு தேய்ச்ச ரெண்டு கால், யார் கால் யாரோடதுன்னு தெரியாது. பயத்துல தான் முகத்த மறைக்கறீங்களான்னு நேராவே கேட்டுட்டேன். "பயம் இருக்கு, இல்லங்கல. ஆனா அது மட்டும் இல்லக்கா. முகத்த வச்சா பாக்கறவங்க எல்லாம் இது யாரு, யார் வீட்டுப் பையன்னு தான் பாப்பாங்க. பூட்ஸ வச்சா ரெண்டு பேரு சேந்து வாழறாங்கன்னு பாப்பாங்க"ன்னார். எனக்கு அந்த நிமிஷம் அந்த படமே வேற படமா தெரிஞ்சது.

அவர் தான் எனக்கு சுனில் குப்தாவோட படங்கள மொபைல்ல காட்டினார். 1953ல டெல்லில பொறந்தவர், கனடா, லண்டன்னு போயிட்டு 1986, 87ல டெல்லிக்கு வந்து கே ஆண்கள வச்சு எக்ஸைல்ஸ்னு ஒரு சீரிஸ் பண்ணிருக்கார். இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறைன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச எடத்துல அவங்கள நிக்க வச்சு, ஒக்கார வச்சு எடுத்த படங்க, சிலருக்கு முகமே தெரியாது, கூடவே அந்த மாதிரி ஆளுங்க சொன்ன வார்த்தைங்கள போட்டிருக்கார். திருட்டுத்தனமா எடுத்தது ஒண்ணு கூட இல்ல, எல்லாம் கேட்டு, பேசி, சேந்து அமைச்சது. ஒரே பால் உறவ குத்தம்னு சொன்ன 377 சட்டப்பிரிவு முழுசா உயிரோட இருந்த காலம் அது. அது குத்தம் இல்லன்னு 2018 செப்டம்பர் 6 சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுக்கு அப்புறம் எங்க லேபுக்கு வர்ற ஃபைல்ல முகங்கள் கொஞ்சம் கொஞ்சமா கூடுச்சு, நானே கவனிச்சேன். இந்த தம்பி மட்டும் மாத்தல. "போலீஸ் பயம் போனது பெரிய விஷயம் தான் அக்கா, ஆனா எங்கம்மா கொழுந்து பறிக்கற அதே காட்டுல தான அவங்கம்மாவும் பறிக்கறாங்க"ன்னார்.

எங்க லேப்ல அடிக்கடி வந்து ஒக்காந்துட்டு போற பெரியவர் ஒருத்தர் இருக்கார், இந்து நகர் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவர். வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாம இருக்கலாம், எக்ஸ்ரே ஃபிலிமும் கருப்பு வெள்ள ஃபிலிமும் போட்டோ பேப்பரும் இந்து பிராண்டுல 1967ல இருந்து இந்த மலைல தான் செஞ்சாங்க, நாடு முழுக்க ஆஸ்பத்திரிக்கு போச்சு, அப்புறம் 90கள்ல நொடிஞ்சு போய் இப்ப மூடியே கெடக்கு. ஃபிலிம் மேல மருந்து பூசற எடம் முழு இருட்டா இருக்கணும், அங்க ஷிஃப்ட் முழுக்க கண்ணு தெரியாம தடவிப் பாத்தே வேல செஞ்சதையும், எதிர்ல வர்றவன் மோதக்கூடாதுன்னு சத்தம் குடுத்துட்டே நடந்ததையும் பெரியவர் சொல்ல ஆரம்பிச்சார்னா தம்பி அப்படியே ஒக்காந்துடுவார், கடைசி பஸ்ஸ விட்ட நாள் கூட உண்டு. ஒரு தடவ பூட்ஸ் படம் டேபிள்ல கெடந்தப்ப பெரியவர் எடுத்துப் பாத்துட்டு யார் வீடு தம்பி இதுன்னு கேட்டார். எனக்கு திக்குனு இருந்துச்சு. தம்பி தயங்காம "எங்க வீடு தாங்க ஐயா, நானும் என் ஆளும் இருக்கறது, அவரும் பையன் தான்"னு சொல்லிட்டார். பெரியவர் கண்ணாடிய கழட்டி தொடச்சு மாட்டிட்டு திரும்ப படத்த பாத்தார், நெறைய நேரம் பாத்தார், அப்புறம் "பூட்ஸு கருப்புல டீட்டெயில் எல்லாம் போயிடுச்சே கண்ணு, நெழல கொஞ்சம் தூக்கு, ரப்பர் தெரியணும்"னு என்கிட்ட சொன்னார். திரும்ப போட்டேன். அவர் சொன்னது சரி, ரப்பர் மேல ஒட்டியிருந்த சேறு வரைக்கும் தெரிஞ்சது.

மதுரைல இருந்து வர்ற அக்கா ஒருத்தங்க திருநங்கை, பரதம் ஆடறவங்க, அருவங்காட்டுல இருக்கற தோழி வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் லேபுக்கும் வந்துடுவாங்க. தம்பி முகமே வேணாம்பார், இந்த அக்காவுக்கு முகம் தான் முக்கியம். கூவாகத்துல சித்திரை மாசம் கேமராக்காரங்க கூட்டம் எப்படி இருக்கும்னு அவங்க சொல்லிக் கேக்கணும். "தாலி கட்டிக்கற ராத்திரி நாங்க எவ்ளோ சிரிப்போம், எத்தன ஜோடனை, யார் பொடவ நல்லாருக்குன்னு எத்தன சண்ட, அதுக்கெல்லாம் ரெண்டு படம் எடுத்தா பெருசு. மறுநாள் தாலி அறுத்துட்டு வெள்ளப் பொடவ கட்டி அழறப்ப பாரு, மூஞ்சிக்கு நேரா லென்ஸ் நீட்டுவானுங்க. அந்த அழுகை நெசம் தான், அரவானுக்கு அழறது எங்க சாமி காரியம். ஆனா வருஷம் பூரா பேப்பர்ல எங்கள அழுதுட்டே வச்சிருக்கானுங்களே, அத தான் கேக்கறேன்"னாங்க. நர்த்தகி நடராஜ் அம்மா 2019ல பத்மஸ்ரீ வாங்கின படத்த அவங்க பர்ஸ்லயே வச்சிருக்காங்க. அதுவும் மதுரைல பொறந்த திருநங்கை தான், அதுவும் பரதம் தான்னு சொல்றப்ப அவங்க குரலே வேற மாதிரி ஆயிடும். இந்த ஒரு படம் எத்தன பேருக்கு எத்தன கதவ தொறந்திருக்கும்னு நான் யோசிச்சுப் பாப்பேன்.

இவங்களுக்கு ரீடச் பண்றப்ப தான் என் சாஃப்ட்வேர் என்ன செய்யுதுன்னு எனக்கே புரிஞ்சது. நம்மூர் ஸ்டுடியோல முகத்த வெளுக்கறது பழக்கமாவே ஆயிடுச்சு, கேக்காமலே ரெண்டு ஸ்டெப் ஏத்திடுவோம். அக்கா ஒடனே கண்டுபுடிச்சுட்டாங்க, என் கலர எதுக்கு தொடற, அது கொறைன்னு சொன்னது யாரு உன்கிட்டன்னு கேட்டாங்க. இது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்ல, கலர் ஃபிலிம் காலத்துலயே கோடாக் கம்பெனி லேபுங்களுக்கு கலர் சரி பாக்க அனுப்பின கார்டுல வெள்ளக்காரப் பொண்ணு படம் தான் இருக்கும், ஷெர்லி கார்டுன்னு பேரு, அந்தப் பொண்ணு தோல் நல்லா வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம். கருப்பு தோல் சரியா வரலன்னு ஜனங்க சொன்னத விட, சாக்லேட் கம்பெனியும் மர ஃபர்னிச்சர் கம்பெனியும் எங்க பிரவுன் கலர் சரியா வரலன்னு சொன்னப்ப தான் ஃபிலிம மாத்தறதுல அவங்களுக்கு வேகம் வந்துச்சு. எனக்கு இத படிச்சப்ப நெஜமாவே கோவம் வந்துச்சு. இப்ப எங்க லேப்ல கேக்காம யார் முகத்தையும் வெளுக்கறதில்ல, மொதலாளிகிட்ட பேசி நிறுத்தினோம்.

அதே மாதிரி இன்னொண்ணு. குன்னூர்ல இருந்து ஒரு திருநம்பி, பொறந்தப்ப பொண்ணுன்னு சொல்லி வளத்தாலும் ஆணா வாழறவர், ஓவியம் வரையறவர், பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தார். திருநர்களுக்கான 2019 சட்டப்படி மாவட்ட கலெக்டர் குடுக்கற அடையாள அட்டைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண அந்த போட்டோ வேணும். சின்ன வேல, அஞ்சு நிமிஷ வேல. எடுத்து முடிச்சு ஸ்கிரீன்ல போட்டா மெஷின் தானாவே தோல வழுவழுன்னு ஆக்கிடும், அவர் பதறிப் போய் கைய நீட்டி, "தாடி முடிய அழிச்சிடாதீங்க அக்கா, அது வர்றதுக்கு ரொம்ப நாள் காத்திட்டிருந்தேன்"னார். தாடைல லேசா, எண்ணிடலாம் போல கொஞ்சமா இருந்த முடி. அந்த பாஸ்போர்ட் சைஸ நான் பெரிய பிரிண்டுக்கு மெனக்கெடற மாதிரி மெனக்கெட்டு, லைட்ட சைடுல திருப்பி திரும்ப எடுத்து, ஒவ்வொரு முடியும் தெரியற மாதிரி குடுத்தேன். இந்த லேப்ல நான் செஞ்ச வேலைலயே எனக்கு ரொம்ப புடிச்ச வேல எதுன்னு கேட்டா அந்த பாஸ்போர்ட் சைஸ தான் சொல்வேன்.

கோத்தகிரி பக்கத்துல இருந்து வர்ற ஒருத்தர் துணில வேல பண்றவர், தன்ன ஆண்ன்னும் சொல்லமாட்டார் பெண்ன்னும் சொல்லமாட்டார். பழைய நீலகிரி போட்டோக்கள காட்டன் துணில பிரிண்ட் எடுத்து மேல நூல் போட்டு தைக்கறார். பிரீக்ஸ்னு நீலகிரிக்கு மொத கமிஷனரா இருந்த வெள்ளக்காரர் இங்க இருக்கற தோடர், கோத்தர், குறும்பர், இருளர் மக்கள பத்தி எழுதி 1873ல வந்த புத்தகத்துல போட்டோ எல்லாம் இருக்கு, நின்னவங்களுக்கு இனத்தோட பேரு தான் கீழ இருக்கும், ஆளோட பேரு இருக்காது. "எங்களயும் இப்படி தான் எடுக்கறாங்க, திருநங்கைகள்னு ஒரு கேப்ஷன், முடிஞ்சது"ன்னு சொல்லிட்டே தைப்பார். தோடர் எம்பிராய்டரி டிசைன அவர் தொடவே மாட்டார், செவப்பு கருப்பு நூல கூட தவிர்த்துடுவார். அது 2013ல புவிசார் குறியீடு வாங்கினது, அந்தப் பொண்ணுங்க கையோட சொத்து, நான் எடுத்தா நானும் பிரீக்ஸ் பண்ணத தான் பண்றேன்னு அர்த்தம்னு சொல்வார். கலாச்சாரம்னு நாம பேசறப்ப எது நம்மது எது அடுத்தவங்களதுன்னு இவ்ளோ நுணுக்கமா யோசிக்கறவங்கள நான் வேற எங்கயும் பாக்கல.

இப்போதைக்கு பெரிய விவாதம் மதுரை அக்காவோட தான். அவங்க அரங்கேற்ற படம் ஒண்ண இருபத்தி நாலுக்கு முப்பத்தி ஆறு இன்ச்ல வீட்டு ஹால்ல மாட்டணுமாம், நான் மேட் பேப்பர் தான் நல்லது, லைட் அடிக்காதுன்னு எவ்ளோவோ சொன்னேன். சாம்பிள் எடுத்து காட்டினேன். அவங்க கேக்கறதா இல்ல. "நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், மூக்குத்தி எல்லாம் பளபளன்னு மின்னணும், என் வீட்டுக்குள்ள வர்றவன் வாசல்ல நிக்கறப்பவே கண்ணு கூசணும், நீ கிளாஸி பேப்பர்ல போடு"ன்னுட்டாங்க. கிளாஸி ரோல் ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் மொத பிரிண்ட் அதான்.